கால் மைலும் இரண்டு எஞ்சினும்: பிரிட்டனின் பழைய டிராக் வண்டிகள்

தமிழில் 'டிராக் ரேஸ்' என்று எழுதுவதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. வட்டமாகச் சுற்றி ஓடுகிற ரேஸ் டிராக்குக்கும் அதே எழுத்துதான், இந்த டிராக்குக்கும் அதே எழுத்துதான். நான் சொல்ல வருவது வளைவே இல்லாத பந்தயம். ஒரே நேர்கோடு. நீளம் கால் மைல், அதாவது 1320 அடி, சுமார் 402 மீட்டர். இரண்டு வண்டிகள் அக்கம்பக்கமாக நிற்கும். விளக்கு பச்சையானதும் கிளம்பும். முதலில் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தார், தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். பத்து விநாடியில் கதை முடிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். வண்டியின் ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம், விளக்கு பச்சையானதும் ஓடத் தொடங்காது. வண்டி நகர்ந்த பிறகுதான் தொடங்கும். அதனால் ஓட்ட நேரம் அதிகமாக இருந்தாலும், பச்சையைப் பார்த்ததும் முந்திக் கிளம்பியவர் ஜெயித்துவிடலாம். கால் மைல் முடிவில் வண்டி தொட்ட வேகத்தைத் தனியாக அளப்பார்கள்.

பத்து விநாடிக்காக வருஷம் முழுக்க ஒரு ஷெட்டுக்குள் உட்கார்ந்து உழைப்பதா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பத்து விநாடி எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளஸ் ஒன் இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். 402 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போடுகிறோம். காற்றுத் தடையை மறந்துவிடுவோம். கல் தரையைத் தொட சுமார் 9.06 விநாடி ஆகும். ஆக, நின்ற நிலையிலிருந்து கால் மைலை 9 விநாடிக்குள் கடக்கும் வண்டி, மேலிருந்து விழும் கல்லையே முந்துகிறது. அதுவும் கீழ்நோக்கி இல்லை, தரையில் கிடைமட்டமாக! 1970களில் பிரையன் சாப்மன் என்ற ஆங்கிலேயர் இதைச் செய்தார். அவருடைய 'மைட்டி மவுஸ்' பைக்கில் இருந்தது சூப்பர்சார்ஜர் பொருத்திய வின்சென்ட் எஞ்சின். வெறும் 500 சிசி, ஒரே ஒரு சிலிண்டர். நம்மூர் புல்லட்டிலும் ஒரே சிலிண்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இந்தப் பைத்தியம் பிரிட்டனுக்கு எப்படி வந்தது?

டிராக் ரேஸிங்கின் தாய்வீடு அமெரிக்கா, முக்கியமாகக் கலிபோர்னியா. அங்கே பெரிய வி8 எஞ்சின்கள் பழைய இரும்புக் கடையில்கூடக் கிடைத்தன. பிரிட்டனில் அந்த வசதி இல்லை. ஆனால் வேறு ஒன்று நிறைய இருந்தது: இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டி, போர் முடிந்ததும் கைவிட்ட விமானத் தளங்கள். நீளமான, நேரான கான்கிரீட் ஓடுபாதைகள் புல் முளைத்துக் கிடந்தன. பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள பாடிங்டன் அப்படி ஒரு தளம். போர்க்காலத்தில் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. 1966 ஈஸ்டரில் அதே ஓடுபாதை 'சான்டா பாட்' என்ற பெயரில் ஐரோப்பாவின் முதல் நிரந்தர டிராக் களமாகத் திறக்கப்பட்டது. கலிபோர்னியாவின் சான்டா ஆனா களத்திலிருந்து பாதி, பாடிங்டனிலிருந்து பாதி, ஆக சான்டா பாட்.

அதற்கு முன்பே விதை போட்டவர் சிட்னி ஆலர்ட். 1952 மான்டி கார்லோ ராலியைத் தன் பெயரிலேயே தயாரான காரை ஓட்டி ஜெயித்தவர். 1961இல் கிரைஸ்லர் வி8 எஞ்சினையும் சூப்பர்சார்ஜரையும் வைத்து ஐரோப்பாவின் முதல் டிராக்ஸ்டரைக் கட்டினார். 1964இல் டான் கார்லிட்ஸ், டாமி ஐவோ போன்ற அமெரிக்க ஜாம்பவான்களை அழைத்து வந்து பிளாக்புஷ் போன்ற விமானத் தளங்களில் ஓட்டிக் காட்ட வைத்தார். பார்த்தவர்களில் பலர் வீட்டுக்குப் போய் வெல்டிங் மெஷினைத் தேட ஆரம்பித்தார்கள். ஆலர்ட் 1966 ஏப்ரலில் காலமானார். சான்டா பாட் திறந்ததும் அதே மாதம்தான்.

பைக்குகளின் கதை இன்னும் பழையது. கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓடும் 'ஸ்பிரின்ட்' பந்தயங்கள் பிரிட்டனில் முன்பே இருந்தன. பிரைட்டன் கடற்கரைச் சாலையில் 1905லேயே வேகப் போட்டி நடந்தது. வின்சென்ட் தொழிற்சாலையில் டெஸ்ட் ரைடராக இருந்த ஜார்ஜ் பிரவுன், 'நீரோ', 'சூப்பர் நீரோ' என்ற வின்சென்ட் பைக்குகளில் சாதனைகளை அடுக்கினார். புல்தரைப் பந்தய சாம்பியனான ஆல்ஃப் ஹேகன், சூப்பர்சார்ஜர் வைத்த ஜேஏபி வி-ட்வின் பைக்கில் 1960களிலேயே கால் மைலை 10 விநாடிக்குள் கடந்தார்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. அன்றைய பிரிட்டிஷ் பைக் எஞ்சின்கள் பெரும்பாலும் 650, 750 சிசி இரட்டை சிலிண்டர் வகை. பெரிய எஞ்சின் வேண்டும், ஆனால் கிடைக்காது. என்ன செய்வது? ஒன்று போதவில்லை என்றால் இரண்டு! ஒரே சட்டத்தில் இரண்டு முழு எஞ்சின்களை முன்னும் பின்னுமாக வைத்து இணைத்தார்கள். ஜான் ஹாப்ஸின் 'ஹாபிட்' பைக்கில் இரண்டு 850 சிசி வெஸ்லேக் எஞ்சின்கள், அதற்கு மேல் சூப்பர்சார்ஜர் வேறு. 'பெகாசஸ்' பைக்கில் இரண்டு நார்ட்டன்.

சொல்வது சுலபம். இரண்டு எஞ்சின்களும் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். ஒன்று இருமினால் இன்னொன்று அதையும் சேர்த்து இழுக்கும், இணைப்பு தாங்காது. ஒரு எஞ்சினுக்காகச் செய்த கிளட்ச் இரண்டின் பலத்தில் கருகும். எல்லாம் சரியாக அமைந்தாலும் அத்தனை பலத்தையும் தரைக்குக் கொண்டு போவது ஒரே ஒரு பின் டயர்தான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஓடிப் பார், உடைந்ததைப் பார், மாற்றிச் செய். நாங்கள் இன்று 'டீபக்' என்று சொல்வதை இவர்கள் ஸ்பேனரால் செய்தார்கள்.

எரிபொருளும் லேசுப்பட்டதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஆக்ஸிஜனைத் தன் மூலக்கூறிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. கிலோவுக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் நாலில் ஒரு பங்குதான். ஆனால் அதே அளவு காற்றில் எட்டு மடங்குக்கு மேல் எரிக்கலாமே! கூட்டிக் கழித்தால் அதே எஞ்சினில் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல். புகைபோக்கியிலிருந்து நெருப்பு வரும். பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணில் நீர் வரும்.

கார்களிலும் இதே சமாளிப்புத்தான். ஃபோர்ட் பாப்புலர் என்று ஒரு கார், 1953 முதல் 1959 வரை வந்தது. 1172 சிசி, 30 குதிரைத்திறன், நிமிர்ந்து உட்கார்ந்த தாத்தா மாதிரி உருவம். மலிவு, எடையும் குறைவு. பழசானதும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அதை வாங்கி, எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஜாகுவாரோ வி8ஓ வைத்தார்கள். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும் ஃபோர்ட் பாப், பிரிட்டிஷ் டிராக் களத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இந்தக் கதையில் ஒரு சோகமும் இருக்கு. 1969இல் ஹோண்டா சிபி750, 1972இல் 903 சிசி கவாஸாகி இசட்1 வந்தன. நான்கு சிலிண்டர், கடையிலேயே கிடைக்கும். இரண்டு எஞ்சின்களைக் கட்டிப் போட வேண்டிய அவசியமே போச்சு. பிஎஸ்ஏ குழுமம் 1973இல் நொறுங்கியது, டிரையம்ஃபின் மெரிடன் ஆலை 1983இல் மூடப்பட்டது. அதாவது, பிரிட்டிஷ் பைக் தொழில் செத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் ஹாபிட் போன்ற வண்டிகள் பிரிட்டிஷ் எஞ்சினிலிருந்து உச்ச வேகத்தைப் பிழிந்து எடுத்தன. தொழிற்சாலைகள் கைவிட்டதை ஷெட்டில் இருந்தவர்கள் விடவில்லை. இன்றைக்கு அந்த வண்டிகள் மேல் இருக்கும் பாசத்துக்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது சான்டா பாடில் ஒவ்வொரு ஜூலையிலும் 'டிராக்ஸ்டால்ஜியா' என்று பழைய வண்டிகளுக்கான விழா நடக்கிறது. அங்கே 'காக்கிள்' என்று ஒரு சடங்கு உண்டு. பழைய டிராக்ஸ்டர்களை நிறுத்தி வைத்து, ஓட்டாமல், நைட்ரோ ஊற்றி எஞ்சினை மட்டும் உறும விடுவார்கள். ஐம்பது வருஷப் பழைய சட்டத்தை முழு வேகத்தில் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. சத்தமும் நெருப்பும் வாசனையும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதைப் பாதுகாப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கு. டிராக் வண்டி என்பது முடிந்து போன பொருளே கிடையாது. இந்த வருஷ எஞ்சின் அடுத்த வருஷம் வேறு சட்டத்துக்குப் போகும், சட்டம் வேறு ஒருவருக்கு விற்கப்படும், பிஸ்டன் குப்பைக்குப் போகும். எந்த வருஷத்து வடிவத்துக்கு மீட்பது? புதுப்பாகம் எத்தனை போட்டால் அது பழைய வண்டி இல்லாமல் போகும்? ஆலர்டின் டிராக்ஸ்டர் பியூலியில் உள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் போனதால் தப்பித்தது. அதை மறுபடி உயிர்ப்பிக்க ஆர்வலர்கள் ஒரு குழுவாகவே சேர்ந்தார்கள். அந்த அதிர்ஷ்டம் வாய்க்காத வண்டிகளின் பாகங்கள் இன்னமும் யாருடைய ஷெட்டிலோ பெயர் தெரியாமல் கிடக்கும். கட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. எந்தத் துளையை எதற்காகப் போட்டோம் என்று சொல்ல அவர்கள் இருக்கும்போதே யாராவது போய்க் கேட்டு எழுதி வைத்துவிட்டால் நல்லது.