அண்டம் சும்மா இருப்பதில்லை

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, "இதுதான் அண்டம். இது காத்திருக்கும், விந்துச் செல் நீந்தி வந்து சேரும்" என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். ஒருநாள், வீட்டில் செம்மறி வளர்க்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க ஆடு ஒண்ணு ஈத்துக்கு ஈத்து ரெண்டு குட்டி போடுது. மத்ததெல்லாம் ஒண்ணுதான். ஏன்?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் என் வட்டத்தின் குறை எனக்கே புரிந்தது.

அண்டகத்தில் ஒவ்வோர் அண்டமும் ஃபாலிக்கிள் என்னும் சிறு அமைப்புக்குள், கிரானுலோசா செல்கள் சூழ வளர்கிறது. அச்செல்கள் அண்டத்துக்கு ஊட்டம் தருகின்றன என்பது நாம் அறிந்ததே. அண்டமும் அவற்றுக்குச் செய்தி அனுப்புகிறது என்பதைத்தான் நான் சொல்லத் தவறியிருந்தேன். வளரும் அண்டம் ஜி.டி.எஃப்-9, பி.எம்.பி-15 ஆகிய இரு வளர்ச்சிக் காரணிப் புரதங்களைச் சுரக்கிறது. இவை சுற்றியுள்ள செல்களைப் பெருகவும் முறையாக வேலை செய்யவும் தூண்டுகின்றன. குளுக்கோஸை நேரடியாகப் பயன்படுத்தும் திறன் அண்டத்துக்கு மிகக் குறைவு. அருகிலுள்ள செல்களே அதைப் பைருவேட்டாக மாற்றி நுண்ணிய இணைப்புகள் வழியே தருகின்றன. அந்த வேலையை முடுக்கிவிடுவதிலும் அண்டத்தின் சுரப்புகளுக்குப் பங்கு உண்டு.

இதற்குச் சான்றுகள் உள்ளன. ஜி.டி.எஃப்-9 மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளில் ஃபாலிக்கிள்கள் தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டன என்று 1996இல் கண்டறியப்பட்டது. நியூசிலாந்தின் இன்வெர்டேல் செம்மறிகளைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளியானது. பி.எம்.பி-15 மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அதன் ஒரு பிரதி மட்டும் மாறிய ஆடுகள் கூடுதல் அண்டங்களை வெளியிட்டு, இரட்டைக் குட்டிகளை அதிகம் ஈன்றன. இரண்டு பிரதிகளும் மாறிய ஆடுகள் சினையாகவே இல்லை.

கரு வளர்ச்சிக்கும் இதில் தொடர்பு உண்டு. மனிதக் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குவது நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான். அதுவரை அண்டம் சேர்த்துவைத்த இருப்பே கருவை நடத்துகிறது. ஆய்வகத்தில் பசுவின் அண்டங்கள் முதிரும்போது இப்புரதங்களைச் சேர்த்தால், பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டும் கருக்கள் அதிகரித்தன.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னேன். "உங்க ஆட்டுக்கும் இதுதான் காரணம்னு சோதிக்காமச் சொல்ல முடியாதும்மா. இனம், வயசு, தீவனம் எல்லாம் சேரும்" என்றேன். சற்று யோசித்தவள், "அப்போ அண்டம் மேஸ்திரி மாதிரியா டீச்சர்?" என்றாள். அதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க மாட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, இதை விளையாட்டாகவும் நடத்தலாம். ஒரு மாணவரை 'அண்டமாக' நடுவில் நிறுத்தி, மற்றவர்களைச் சுற்றி நிற்கச் செய்யுங்கள். 'அண்டம்' செய்தி அட்டை கொடுத்தால்தான் மற்றவர்கள் உணவு அட்டை தரவேண்டும். செய்தி அட்டைகளை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று மாணவர்களே கண்டுகொள்வார்கள். நான் இப்போது அந்த வட்டத்தைத் தனியாக வரைவதில்லை. சுற்றிலும் செல்களை வரைந்து, உள்ளே வரும் அம்புக்குறிகளோடு வெளியே போகும் அம்புக்குறிகளையும் போடுகிறேன்.