ஊரடங்கும் ஊருக்கு ஊர் வித்தியாசமும்

2020 மார்ச் 25-ல் வந்த கொரோனா ஊரடங்கு நாடு முழுமைக்கும் ஒன்றுதான். வேலை போனது மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

அந்த ஏப்ரலில் வேலையில்லாதவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 50 பேர், பஞ்சாபில் 3 பேர் என்கிறது இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் கணக்கு. பஞ்சாபில் அது கோதுமை அறுப்புக் காலம். அரசாங்கக் கொள்முதலும் நடந்தது. நம்ம பக்கம் பல வீடுகளில் ஒரு கால் நிலத்தில், மறு கால் திருப்பூர் பனியன் கம்பெனியில். அந்த மறு கால்தான் வழுக்கியது.

வயல் வேலைக்குத் தடையில்லை. நெல்லுக்காரர் ஒருவாறு தப்பித்தார். மல்லிகைக்காரர் பாடுதான் திண்டாட்டம். பூ கொட்டுகிற சித்திரையில் கோயில் சாத்தியாச்சு, கல்யாணம் சுருங்கிப் போச்சு, அழகரும் வைகையில் இறங்கவில்லை. பறிகூலிக்கே கட்டாத விலை. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். பூவை மறுநாளைக்கு வைக்க முடியுமா?

இன்னொன்று. நூறு நாள் வேலைக்கு 2020-21ல் நாள்கூலி 229-லிருந்து 256 ரூபாய் ஆனது. சில மைல் தள்ளி ஊராட்சியில் இருந்தவருக்கு அது கிடைத்தது. பசுமலை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் இங்கே உள்ள கூலிக்காரருக்குக் கிடையாது. ஜூன் 24 முதல் மதுரையை மறுபடி அடைத்தபோது அவர் பட்டபாடு சொல்லி மாளாது.

பூத்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓரத்தில் பத்து சென்டாவது கத்தரி, வெண்டை போடுங்கள். முடிந்தால் ஒரு கறவை மாடு. ஊரடங்கிலும் பால் கொள்முதல் நிற்கவில்லை.