தறிக்குழியில் ஒரு போன்: பேட்டரியை யார் தின்கிறார்கள்?

என் மாமா ஆரணியில் பட்டுப்புடவை நெய்கிறார். குழித்தறி. இரண்டு மாதம் முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய போனை வாங்கி "சரி" செய்து கொடுத்தேன். அதனால் அவருக்கு ஒரு நாள் கூலி போனது. இந்தக் கட்டுரை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நடந்தது இதுதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது என்று மாமா புலம்பினார். போன் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, ஆண்ட்ராய்டு. நமக்குத்தான் தெரியுமே என்று மூன்று காரியம் செய்தேன். பேட்டரி சேவரை நாள் முழுக்க ஆனில் வைத்தேன். வாட்ஸ்அப் உட்பட எல்லா ஆப்புக்கும் பின்னணியில் ஓடத் தடை போட்டேன். வேலை முடிந்ததும் திறந்திருக்கிற ஆப் எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடிவிடணும் என்று பாடமும் நடத்தினேன். ஊர் திரும்பிய மறுநாள் மாமா போன் செய்து, "மாப்ள, ராத்திரி வரைக்கும் நிக்குதுடா" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவருடைய மாஸ்டர் வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பியிருக்கிறார். முந்திக்கு அரக்கு வேண்டாம், பாட்டில் பச்சை போடுங்க. கூடவே நூலின் கலர் போட்டோ. மாமாவின் போனில் சத்தமே இல்லை. மத்தியானம் தற்செயலாக வாட்ஸ்அப்பைத் திறந்தபோதுதான் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. அதற்குள் அரக்கு ஊடையில், சரிகையோடு, ஏறக்குறைய ஒரு சாண் நெய்தாகிவிட்டது. நெய்ததைப் பிரிப்பது நெய்வதைவிடப் பெரிய வேலை. ஊடையை ஒவ்வொரு இழையாக வெட்டி உருவணும், பாவு அறுந்துவிடக் கூடாது. பிரித்த சரிகை திரும்ப உதவாது.

"இன்னா மாப்ள, சார்ஜ் நிக்குது, சேதி நிக்க மாட்டேங்குதே" என்றார் சாயங்காலம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். பின்னணியில் ஒரு ஆப் "இருப்பது" என்றால் என்ன, அது பேட்டரியை எப்படித் தின்கிறது, எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக் கூடாது. படித்ததும் மாமா போனில் செய்து பார்த்ததும் கீழே.

இருப்பது வேறு, விழித்திருப்பது வேறு

சமீபத்தில் திறந்த ஆப்கள் வரிசையாக அட்டை அட்டையாகத் தெரியுமே, அதைப் பார்த்ததும் இத்தனையும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அவை ஓடவில்லை. மெமரியில், விட்ட இடத்தில், அப்படியே நிற்கின்றன. புதிய ஆண்ட்ராய்டுகளில் இப்படி நிற்கிற ஆப்களை சிஸ்டமே உறைய வைத்துவிடுகிறது. பிராசஸர் நேரம் ஒரு துளிகூட அவற்றுக்குக் கிடைக்காது. மெமரி சிப் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாமாவுக்குத் தறியை வைத்துச் சொன்னேன். பாவு ஏற்றின தறி சும்மா நின்றால் நூல் செலவாகுமா? ஆகாது. நாடா ஓடினால்தான் செலவு. தினமும் ராத்திரி பாவை அறுத்துவிட்டுக் காலையில் ஆயிரக்கணக்கான இழையைத் திரும்பப் பிணைத்தால் என்ன ஆகும்? ஆப்பை மேலே தள்ளி மூடுவது அதுதான். அடுத்த முறை திறக்கும்போது அது முதலிலிருந்து ஏற வேண்டும். பிராசஸர் வேலை, ஸ்டோரேஜ் வேலை, சில சமயம் நெட்டிலிருந்து திரும்ப எடுக்கிற வேலை. அடிக்கடி திறக்கிற ஆப்பை இப்படிச் செய்தால் மிச்சத்தைவிடச் செலவுதான் அதிகம்.

ஐபோனிலும் இதே கதை. ஆப்களை மூடினால் பேட்டரி மிச்சமாகுமா என்று ஒரு வாடிக்கையாளர் 2016இல் மெயிலில் கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இல்லை என்றுதான் பதில் சொன்னார். மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிற ஆப்பை மூடலாம். மற்றதை விட்டுவிடலாம்.

அப்படியென்றால் எது தின்கிறது?

முதல் ஆள் திரை. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வெயிலில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு அப்படியே மறந்துபோவதுதான் நிறையப் பேருக்கு நடக்கிறது.

இரண்டாவது ஆள் சிக்னல். டவர் தூரமாக இருந்தாலோ சுவர் தடுத்தாலோ போன் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது, அதாவது அதிக சக்தியில் அலைவீச வேண்டியிருக்கிறது. தறிக்குழி தரைக்குக் கீழே. மாமா போனைக் குழி ஓரத்தில், காலுக்குப் பக்கத்தில் வைப்பார். பழைய வீடு, தடித்த சுவர். அங்கே எப்போதும் ஒரு கோடு சிக்னல்தான்.

மூன்றாவது ஆள்தான் நம் விஷயம்: போனைத் தட்டி எழுப்புகிற ஆப்கள். திரை அணைந்ததும் போன் ஆழ்ந்து தூங்கப் பார்க்கிறது. ஒரு ஆப் ஏதோ ஒரு சின்னத் தகவலுக்காக எழுப்பினால், பிராசஸர் விழிக்கிறது, ரேடியோ விழிக்கிறது. தகவல் அரை நொடியில் முடிந்துவிடும். ஆனால் இன்னும் ஏதாவது வருமோ என்று ரேடியோ சில நொடிகள், பத்து நொடி வரைகூட, விழித்தே காத்திருக்கும். ஆகவே ஒரே தடவையில் பெரிய ஃபைல் ஒன்றை எடுப்பதைவிட, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் துளித் துளியாக எட்டிப் பார்க்கிற ஆப்தான் மோசமானது. இதோடு இருக்கிற இடத்தை விடாமல் கேட்கிற ஆப் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

வாட்ஸ்அப் இப்படி எட்டிப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டில் பெரும்பாலான ஆப்களின் அறிவிப்புகள் கூகுள் வைத்திருக்கிற ஒரே இணைப்பு வழியாக வருகின்றன. தெரு முழுக்க ஒரே தபால்காரர் மாதிரி. கடிதம் இருந்தால் அவர் வந்து கதவைத் தட்டுவார். வீட்டுக்கு ஒரு ஆள் தபால் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. நான் வாட்ஸ்அப்புக்குத் தடை போட்டபோது, தபால்காரர் தட்டுகிற கதவையே பூட்டிவிட்டேன். பின்னணித் தடை போட்ட ஆப்புக்குச் சேதி போய்ச் சேராமல் போகலாம் என்று கூகுளின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. மாமா தானே திறக்கிற வரைக்கும் சேதி வாசலிலேயே கிடந்தது.

சிஸ்டம் ஏற்கெனவே செய்கிற வேலை

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் 'டோஸ்' என்கிற ஏற்பாடு வந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கிற போனில், ஆப்கள் நினைத்த நேரத்தில் எழுப்ப முடியாது. எல்லாருடைய வேலையையும் சேர்த்து வைத்து, இடைவெளி விட்டு, ஒரே நேரத்தில் முடித்துக்கொள்ள விடும். போன் சும்மா கிடக்கக் கிடக்க அந்த இடைவெளி நீளும். அவசரச் சேதி மட்டும் நடுவிலும் உள்ளே வரும். அடுத்த வருஷம் வந்த 7இல், சட்டைப் பையில் அசைந்துகொண்டிருந்தாலும் இதன் லேசான வடிவம் வேலை செய்தது. 2017இல் 8, பின்னணியில் ஆப்கள் விருப்பத்துக்கு ஓடுவதைக் கட்டுப்படுத்தியது. 2018இல் 9, ஆப்களை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று பார்த்துத் தரம் பிரித்தது. தினமும் திறக்கிற ஆப்புக்குச் சலுகை அதிகம், மாதக்கணக்கில் தொடாத ஆப்புக்குக் குறைவு.

அதாவது நான் முரட்டுத்தனமாகச் செய்த வேலையை, போன் ஏற்கெனவே நிதானமாகச் செய்துகொண்டிருந்தது. இதற்கு மேல் சில போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்குக் கூடுதலாகக் கத்தி வைக்கின்றன. அவர்கள் போனில் ஆப்பை மேலே தள்ளினாலே அது முழுதாக நிறுத்தப்பட்டுவிடும், அலாரம்கூட அடிக்காமல் போகலாம். இந்தத் தொல்லைக்காகவே 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு இணையதளம் இருக்கிறது. எந்தக் கம்பெனி போனில் எந்த செட்டிங்கை மாற்றணும் என்று அதில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா போனில் இரண்டாம் முறை செய்தது

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று முதலில் பார்த்தேன். போன தடவை இதைப் பார்க்கவே இல்லை! ஒவ்வொரு ஆப்பையும் தொட்டால், திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். திரையில் அதிக நேரம் இருந்து தின்றால் அது நம் செலவு. திறக்கவே இல்லை, ஆனால் பின்னணியில் மணிக்கணக்கு என்றால் அதுதான் திருடன். மாமா போனில் இரண்டு திருடர்கள். பேரன் ஏற்றின ஒரு விளையாட்டு, எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு ஷாப்பிங் ஆப்.

பிறகு ஆப்களை மூன்றாகப் பிரித்தேன்.

சேதி வந்தே ஆக வேண்டியவை: வாட்ஸ்அப், பேங்க் எஸ்எம்எஸ், அலாரம். இவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட் என்று மூன்று நிலை உண்டு. இந்த வகைக்கு ஆப்டிமைஸ்டு போதும். அப்படியும் சேதி தாமதமானால் மட்டும் அன்ரெஸ்ட்ரிக்டட்.

நாம் திறந்தால் போதும் என்பவை: யூடியூப், பணம் அனுப்புகிற ஆப், கேமரா. இவற்றைத் தொடவே வேண்டாம், சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்.

எழுப்பக் கூடாதவை: விளையாட்டு, ஷாப்பிங். தேவையில்லாததை நீக்கிவிட்டேன். மிச்சத்துக்கு ரெஸ்ட்ரிக்டட், அறிவிப்பும் ஆஃப்.

இதோடு நாலு சின்ன மாற்றம். வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தினேன், போட்டோ இறங்கட்டும் என்று விட்டேன், ஏனென்றால் டிசைனும் கலரும் போட்டோவில்தான் வருகிறது. இருப்பிட அனுமதி, ஆப் திறந்திருக்கும்போது மட்டும். பேட்டரி சேவர், 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக ஆன் ஆகட்டும். கடைசியாக, போன் தறிக்குழியிலிருந்து ஜன்னல் மாடத்துக்கு ஏறியது, வெயில் படாத பக்கமாக. சிக்னல் மூன்று கோடு ஆனது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. படுக்கும்போது சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, சார்ஜ் போடாமல் வைத்து, காலையில் திரும்பப் பாருங்கள். ராத்திரி முழுக்க மூன்று நாலு சதவீதம் இறங்கினால் எதையும் தொடாதீர்கள். பத்துக்கு மேல் என்றால் யாரோ தூங்கவில்லை. பேட்டரி பக்கம் பெயரைச் சொல்லும்.

கரண்ட் காசா, பேட்டரி ஆயுளா?

"இதெல்லாம் கரண்ட் பில்லுக்கா?" என்று அத்தை கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 3.85 வோல்ட். பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்து 25 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. ஒரு யூனிட்டில் 40 தடவை முழு சார்ஜ் ஏற்றலாம். ஆகவே இது பில் பிரச்சினை இல்லை.

பேட்டரிக்கு வயசாவதுதான் பிரச்சினை. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முழு சார்ஜ் சுற்றுக்கும் கொஞ்சம் தேய்கிறது. ஐபோன் 14 வரை 500 சுற்றுக்குப் பிறகும், 15 முதல் 1000 சுற்றுக்குப் பிறகும், 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் 500 சுற்று ஒன்றரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். சூடும், எப்போதும் 100 சதவீதத்திலேயே சார்ஜரில் கிடப்பதும் தேய்மானத்தைக் கூட்டும். ஷீட் போட்ட கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கிற போன் சீக்கிரம் கிழடாகும். சில போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுவிடுங்கள்.

மாமாவின் போனுக்கும் மூன்று வயசு. இரண்டாம் முறை செய்ததில் ராத்திரி இறக்கம் பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் நான் முதலில் கொடுத்த மாதிரி இருட்டும் வரை நிற்கவில்லை. சாயங்காலம் டீ நேரத்தில் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. பேட்டரியே தேய்ந்திருந்தால் செட்டிங்ஸ் எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. பொங்கலுக்குள் புது பேட்டரி மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். செலவு என்னுடையது.

இதற்கு நடுவில் மாமாவும் மாஸ்டரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். போட்டோ வாட்ஸ்அப்பில் வரலாம். ஆனால் கலர் மாறுகிறது என்றால் கூடவே ஒரு போன் கால். நான் படித்த எதிலும் இது இல்லை.