சிவப்புக் கோட்டுக்குள் தங்கம்

ஆசிரிய நண்பர்களே, கோவிட் காலத்தில் வீட்டிலேயே செய்த சுயபரிசோதனைக் கருவி நினைவிருக்கிறதா? மூக்கில் குச்சியை விட்டு, சில சொட்டுகள் ஊற்றி, கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொண்டு இருந்தோமே, அதேதான். அந்தச் சிவப்புக் கோட்டைச் சாயம் என்றே பல மாணவர்கள் நினைப்பாங்க. பெரும்பாலான கருவிகளில் அது தங்கம்!

தங்கம் எப்படிச் சிவப்பாகும்? அந்தத் துகளின் அளவு ஏறக்குறைய 40 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே சுமார் 2,000 துகள்களை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சிறிதானால் தங்கம் பச்சை ஒளியை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இந்தச் செந்நிறத் தங்க நீர்மத்தைப் பற்றி எழுதிவிட்டார். வெள்ளி நுண்துகள் ஊதாவை விழுங்கும், அதனால் மஞ்சள். நம் 916 நகையைப் போல இரண்டையும் கலந்தால், கலக்கும் விகிதத்துக்கு ஏற்ப நிறம் நகரும். வெள்ளி ஒளியை இன்னும் வலுவாகப் பிடிக்கும். ஆனால் அதிலிருந்து கரையும் அயனிகள் உயிரணுக்களைக் கெடுக்கும். தங்கத்தோடு கலப்புலோகம் ஆக்கினால் அந்தக் கரைதல் குறைகிறது.

சரி, உலோகத்துக்குக் கிருமியை அடையாளம் தெரியுமா? தெரியாது. அதற்குத்தான் எதிர்ப்பொருள் என்ற புரதத்தை அதன்மேல் ஒட்டுகிறார்கள். உண்மையான வேலையே இங்கேதான்.

எதிர்ப்பொருள் Y வடிவம். மேலே உள்ள இரண்டு கைகள்தான் கிருமியைப் பிடிக்கும். நீர்மத்தின் காரத்தன்மையைச் சரிசெய்து சும்மா கலந்தாலே அது துகளில் ஒட்டிக்கொள்ளும். மலிவான வழி. ஆனால் எந்தப் பக்கமாக ஒட்டும் என்று சொல்ல முடியாதுங்க. கை உலோகத்தில் ஒட்டி, வால் வெளியே நீட்டினால் அந்த எதிர்ப்பொருள் வீண். இன்னொரு வழி, கந்தகம். தங்கமும் வெள்ளியும் கந்தகத்தை விடாமல் பிடிக்கும். ஒரு முனையில் கந்தகமுள்ள சிறு சங்கிலியை முதலில் கட்டி, அதன் மறுமுனையில் எதிர்ப்பொருளின் வாலை இணைத்தால் கைகள் வெளியே நிற்கும். செலவும் வேலையும் கூடுதல்.

போதுமான அளவு ஒட்டியதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: உப்புநீர் சேர்ப்பது. மேலுறை போதாத துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சிவப்பு நீலமாகிவிடும். நம் இரத்தத்திலும் உப்பு இருக்கிறதே! ஆகவே உடலுக்குள் செலுத்தும் மருந்துக்கு இந்த மேலுறை இன்னும் முக்கியம்.

பலரும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறோம். C கோடு தெரிந்தால் நீர்மம் ஓடியது, தங்கம் வந்து சேர்ந்தது என்றுதான் பொருள். கிருமியைப் பிடிக்கும் கைகள் வேலை செய்கின்றன என்பதற்கு அது சாட்சி இல்லை. கைகள் கெட்டிருந்தால் T கோடு வராது. தொற்றுள்ள பிள்ளை வகுப்புக்கு வந்துவிடும். கருவியை வெயிலில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இந்தப் புரதத்துக்காகவே, தங்கத்துக்காக அல்ல.

வகுப்பில் செய்து காட்ட ஒரு பந்து, அட்டையில் வெட்டிய பத்து Y, இருபக்க ஒட்டுநாடா போதும். பந்தின்மேல் நாடாவைச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு Y-களை ஒட்டச் சொல்லுங்கள். பிறகு எத்தனை Y-களின் கைகள் வெளியே நீட்டி இருக்கின்றன என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்க.