மரக்குழல் வாங்கப் போனோம்

புல்லாங்குழல் என்ற சொல்லிலேயே புல் இருக்கிறது. மூங்கிலும் புல்லினந்தானே! அயர்லாந்துக் குழலோ கடினமான மரத்தைக் கடைந்து செய்யப்படுவது. வாப்பாவின் தொழில் நிமித்தம் நாங்கள் கால்வே நகரில் இருந்த மூன்று வருடங்களில் அந்த ஓசையில் மயங்கி, வாங்கித் தரும்படி அடம்பிடித்தேன்.

வாப்பா இணையத்தில் தேடி எண்பது யூரோவுக்கு ஒன்றை எடுத்துத் தந்தார். பளபளக்கும் மரம், ‘கீ’ எனப்படும் உலோக மூடிகள், வெல்வெட் பெட்டி. ஒரு மாதம் ஊதியும் சுருதி சேரவில்லை. என் மூச்சில்தான் பிழை என்று அழுதிருக்கிறேன். பிறகு ஆசிரியை அதை வாங்கி ஊதிப் பார்த்தார். கீழ் ‘டி’ ஸ்வரத்துக்கும் மேல் ‘டி’ ஸ்வரத்துக்கும் பொருத்தமே இல்லை. “பிழை உன்னுடையதல்ல, குழலுடையது” என்றார்.

இந்தக் குழல் ஐரிஷ் இசைக்குள் வந்த கதையே சிக்கனத்தின் கதைதான். ஜெர்மனியரான தியோபால்ட் போம் 1832இலும் 1847இலும் புதிய அமைப்பில் குழல்களைச் செய்தார். மேடைக் கலைஞர்கள் மெல்ல மெல்ல அவற்றுக்கு மாற, லண்டன் முதலிய இடங்களில் செய்த பழைய மரக்குழல்கள் பழைய பொருளாக விலைபோயின. அவற்றை வாங்கி ஊதியவர்களில் அயர்லாந்தின் கிராமத்துக் கலைஞர்களும் இருந்தார்கள்.

குறைந்த பணத்தில் வாங்குபவர் முதலில் விட்டுவிட வேண்டியது கீக்களை. ஆறு துளைகள் போதும். பெரும்பாலான ஐரிஷ் மெட்டுகளை அவற்றிலேயே வாசிக்கலாம். நல்ல கீக்கள் வைத்த குழல் ஆயிரக்கணக்கான யூரோ. மலிவுக் குழலின் கீக்களோ காற்றைக் கசியவிடும். அடுத்தது உள்துளை. தலைப்பகுதியில் ஒரே அகலமாகவும் உடற்பகுதியில் அடிநோக்கி ஒடுங்கியும் இருக்க வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் மேல் ஸ்தாயி சேராது. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலி இருந்தால் ‘ஏ’ ஸ்வரம் 440 ஹேர்ட்ஸில் நிற்கிறதா என்று பாருங்கள். பழங்காலக் குழல்கள் பல இந்த அளவில் நிற்பதில்லை. ஆபிரிக்கக் கருமரம் சிறந்ததுதான். ஆனாலும் மரத்தின் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க நான் சொல்லமாட்டேன். விரல்கள் குட்டையானவர்கள் துளைகளின் இடைவெளியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நான் அப்படித்தான் ஒரு நல்ல குழலைத் திருப்பிக் கொடுத்தேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் ஆசை நிலைக்குமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் தகர விசிலொன்றை வாங்கிக் கொடுங்கள். சில யூரோதான், விரல் வைக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. மரத்தைப் பராமரிக்க நேரமில்லாதவர்களுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கடைந்த குழல்களும் உண்டு. அவை வெடிக்கா, ஓசையும் மோசமில்லை.

எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒருவர் பாவித்த, கீ இல்லாத கருமரக்குழல். ஆசிரியை ஊதிப் பார்த்துச் சரி என்ற பிறகே வாப்பா நானூறு யூரோவை எண்ணிக் கொடுத்தார். அந்த எண்பதைப் பற்றி இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை, உம்மாதான் சொல்லிக் காட்டுவார்.

ஊதி முடிந்ததும் உட்புறத்தைத் துணியால் துடைப்பேன். இடைக்கிடை எண்ணெய் பூசுவேன். வெயிலில் வைப்பதில்லை. ஊருக்குத் திரும்பிய வாரம் நம் ஈரக்காற்றுக்கு மரம் ஊதி, பொருத்து இறுகிவிட்டது. பயந்துபோனேன். பொருத்தில் சுற்றியிருந்த நூலில் இரண்டு சுற்றைக் கழற்றியதும் பழையபடி இலகுவாகப் பொருந்தியது.