வெற்றி யார் கணக்கில்? பேஸ்பால் ஆட்டமும் எண்களின் மயக்கமும்

ஆட்டத்தைக் கண்டு களிப்போர் ஒரு சாரார். ஆட்டம் முடிந்தபின் அதன் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு வாதிடுவோர் மற்றொரு சாரார். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் இவ்விரு சாராரும் பெரும்பாலும் ஒருவரே. எந்த ஆட்டக்காரர் சிறந்தவர், எந்த அணியின் நிர்வாகம் அறிவுடையது, எந்த எண் உண்மை சொல்கிறது, எந்த எண் கண்ணைக் கட்டுகிறது என்று அந்நாட்டு ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வருகின்றனர். ஒரு மனிதரின் உழைப்பை எண்ணால் அளக்கும்போது எங்கே தவறு நேர்கிறது என்பதே இவ்வழக்கின் உட்பொருள். ஆதலின் அந்த ஆட்டத்தைக் கண்டறியாதவர்க்கும் இது பயன் தரும் எனக் கருதி, அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்குக் கிரிக்கெட் நன்கு பழகியது. அதனைக் கொண்டே பேஸ்பாலைப் புரிந்துகொள்ளலாம். அணிக்கு ஒன்பது பேர். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் ஆட்டமிழந்தால் மறு அணியின் முறை வரும். பந்தை எறிபவரைப் ‘பிட்சர்’ என்பர். அவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, தரையில் படாமல் பந்தை எறிவார். மட்டையாளர் அதனை அடித்துவிட்டு நான்கு முனைகளையும் சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூன்று முறை தவறினால் ‘ஸ்டிரைக் அவுட்’. பிட்சர் நான்கு பந்துகளை முறை தவறி எறிந்தால் மட்டையாளர் அடிக்காமலே முதல் முனைக்குச் செல்வார். பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ‘ஹோம் ரன்’.

இவ்வாட்டத்தின் கணக்கெழுத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் உறவு உண்டு. 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்பவர் முதலில் கிரிக்கெட் செய்திகளை எழுதி வந்த பத்திரிகையாளர். பின்னர் அவரே பேஸ்பாலின் கணக்குப் பட்டியலைச் சீர்படுத்திப் பரப்பினார். ஆனால் ஒரு செய்தியில் இரண்டு ஆட்டங்களும் வழி பிரிந்தன. கிரிக்கெட்டில் ஆட்டத்தை வென்றது அணி என்றே எழுதுவோம். வெற்றியை ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் பற்று வைப்பதில்லை. பேஸ்பாலிலோ ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் ஒரு பிட்சருக்கு. தோல்வியும் ஒரு பிட்சருக்கு. ‘இவர் 20 வென்றவர்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் புகழ்மொழி வேண்டா என்றிருந்த காலம் நீண்டது.

பழங்காலத்தில் இவ்வழக்கிற்கு ஓரளவு நியாயம் இருந்தது. தொடங்கிய பிட்சரே ஒன்பது இன்னிங்ஸையும் எறிந்து முடிப்பார். பெரும்புகழ் பெற்ற சை யங் தம் வாழ்நாளில் 511 வெற்றிகளைப் பெற்றார். தொடங்கிய 815 ஆட்டங்களில் 749-ஐத் தாமே முடித்தார். இன்று நிலைமை வேறு. 2018-ஆம் ஆண்டில் முப்பது அணிகளும் ஆடிய இரண்டாயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில், ஒரே பிட்சர் இறுதிவரை எறிந்து முடித்தவை ஐம்பதை எட்டவில்லை. வேலையைப் பலர் பங்கிட்டுக்கொண்ட பின்னும், வெற்றி மட்டும் ஒருவர் பெயரிலேயே எழுதப்படுகிறது.

அதற்குரிய விதியையும் காண்போம். தொடக்க பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அவருடைய அணி முன்னணியில் இருக்க வேண்டும். அம்முன்னிலை இறுதிவரை குலையாதிருக்க வேண்டும். இவற்றில் முதல் நிபந்தனை ஒன்றே பெரும்பாலும் அவர் கையில் உள்ளது. தம் அணியினர் ஓட்டம் எடுப்பதும், தமக்குப் பின் வருபவர் முன்னிலையைக் காப்பதும் பிறர் செயல். எட்டு இன்னிங்ஸில் ஒரே ஓர் ஓட்டம் கொடுத்தவர் தோற்றவராக எழுதப்படலாம். ஐந்து இன்னிங்ஸில் ஐந்து ஓட்டம் கொடுத்தவர் வென்றவராக எழுதப்படலாம்.

உண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றை நோக்குவோம். 1987-இல் ஹூஸ்டன் அணியின் நோலன் ரயன், தம் லீக்கிலேயே மிகக் குறைந்த ஓட்டச் சராசரியாகிய 2.76-ஐ அடைந்தார், 270 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து அதிலும் முதல்வராக நின்றார். அவர் கணக்கில் எழுதப்பட்டவையோ 8 வெற்றியும் 16 தோல்வியும். ஆண்டின் சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருது அவருக்குக் கிட்டவில்லை. 1990-இல் ஓக்லண்டின் பாப் வெல்ச் 27 வெற்றி, 6 தோல்வி பெற்று அவ்விருதை அடைந்தார். அவருடைய சராசரி 2.95. அதே ஆண்டு பாஸ்டனின் ரோஜர் கிளெமென்ஸ் 1.93 என்ற சராசரியுடன் 21 வெற்றி பெற்றிருந்தார். வெல்ச்சின் அணி அவ்வாண்டு 103 ஆட்டங்களில் வென்ற வலிமை மிக்க அணி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்நிலை மெல்ல மாறிற்று. 2010-இல் சியாட்டில் அணி 162 ஆட்டங்களில் 101-இல் தோற்றது. பருவம் முழுவதிலும் அது எடுத்த ஓட்டம் 513 மட்டுமே. அவ்வணியின் பெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 2.27 என்ற சராசரியுடன் லீக்கில் முதல்வராக நின்றும், 13 வெற்றி, 12 தோல்வி என்றே எழுதப்பட்டார். 21 வெற்றி பெற்றவரும் 19 வெற்றி பெற்றவரும் போட்டியில் இருந்தனர். ஆயினும் வாக்களித்த பத்திரிகையாளர்கள் ஹெர்னாண்டஸுக்கே விருதை அளித்தனர். 2018-இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 1.70 என்னும் வியத்தகு சராசரியுடன் எறிந்தும், 32 ஆட்டங்களில் 10 வெற்றியும் 9 தோல்வியுமே அவர் பங்காயின. அவருக்கு விருது கிடைத்ததைப் பற்றி வழக்காடியவர் அரியர். முதலிட வாக்குகள் முப்பதில் 29 அவருக்கே விழுந்தன.

மறுதரப்பினர் கூறுவதையும் கேட்பதே முறை. ‘ஆட்டத்தின் நோக்கம் வெற்றியே; வெல்லத் தெரிந்தவர் எந்த அணியிலும் வெல்வார்’ என்பர் அவர்கள். 1972-இல் பிலடெல்பியா அணி பெற்ற வெற்றிகள் மொத்தம் 59. அவற்றுள் 27 ஸ்டீவ் கார்ல்டன் என்னும் ஒருவரே பெற்றவை என்று சான்று காட்டுவர். கார்ல்டனின் சராசரி 1.97 என்பதையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய பெருமையைச் சொல்ல வெற்றிக் கணக்கு ஒன்றே தேவைப்படவில்லை. மேலும், ஜாக் மாரிஸ் போன்றோர் முன்னிலைக்கேற்ப எறிவர், அணி அதிக ஓட்டம் எடுத்திருந்தால் சற்றுத் தளர்ந்தும், நெருக்கடியில் இறுக்கியும் எறிவர் என்று வாதிட்டனர். மாரிஸ் 254 வெற்றி பெற்றவர், சராசரி 3.90. அவர் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணியவர்களுக்கு அத்தகைய பழக்கத்திற்குச் சான்று கிட்டவில்லை. பதினைந்து ஆண்டு வாக்கெடுப்பிலும் தேறாத அவர், பின்னர் ஒரு தனிக் குழுவின் முடிவால் 2018-இல் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார்.

அங்ஙனமாயின் ஓட்டச் சராசரி குற்றமற்றதா என்னும் வினா எழும். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பதே அச்சராசரி. களத்தில் நிற்போர் செய்த பிழையால் வந்த ஓட்டங்களை அதில் சேர்ப்பதில்லை. கிரிக்கெட்டில் கைநழுவிய காட்சினால் விளையும் ஓட்டங்கள் பந்துவீச்சாளரின் கணக்கிலேயே ஏறுவதை நினைத்தால், இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் எது பிழை என்பதைத் தீர்மானிப்பவர் கணக்கெழுதும் ஒரு மனிதர். விரைந்தோடிப் பந்தைத் தொட்டு நழுவவிட்டவர் மீது பிழை எழுதப்படலாம். மந்தமாக நின்று பந்தை எட்டாமலே போனவர் மீது பிழை எழுதப்படுவதில்லை. அவரால் விளைந்த ஓட்டம் பிட்சரின் தலையில் விழும்.

மற்றொரு குறையும் உண்டு. ஒரு பிட்சர் ஆறு இன்னிங்ஸில் மூன்று ஓட்டம் கொடுத்து, ஏழாவதில் முனைகளில் இருவரை நிற்கவைத்துவிட்டு, எவரையும் ஆட்டமிழக்கச் செய்யாமல் வெளியேறுகிறார் என்று கொள்வோம். அவ்விருவரும் ஓட்டம் எடுக்காவிடின் அவ்வாட்டத்தில் அவர் சராசரி 4.50. அடுத்து வந்தவர் அவ்விருவரையும் ஓட்டம் எடுக்க விட்டால், முன்னவரின் சராசரி 7.50 ஆகிவிடும், பின்னவரின் கணக்கில் ஒன்றும் ஏறாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டா. இடமும் ஒரு காரணம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்றின் அடர்த்தி குறைவு. அடித்த பந்து நெடுந்தொலைவு செல்லும். அங்கே எறிபவரையும் கடலோர நகரில் எறிபவரையும் ஒரே படியால் அளத்தல் முறையன்று.

2001-ஆம் ஆண்டில் வோரோஸ் மெக்கிராக்கன் என்னும் ஆராய்ச்சியாளர் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். ஸ்டிரைக் அவுட், அடிக்காமல் முனைக்கு விடுதல், ஹோம் ரன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பிட்சரின் பொறுப்பு. களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து பிடிபடுவதும் பிடிபடாததும் களத்தில் நிற்போரையும் நற்பேற்றையும் பெரிதும் பொறுத்தது என்றார். அத்தகைய பந்துகள் ஏறத்தாழ பத்தில் மூன்று பிடிபடாமல் போவது வழக்கம். ஓராண்டு அந்த விகிதம் மிகக் குறைந்திருந்தால், அப்பிட்சரின் அழகிய சராசரி மறு ஆண்டு நிலைக்காது போகலாம். பின்னர் வந்தோர் இக்கருத்தைச் சற்றுத் திருத்தினர். சில பிட்சர்கள் மெலிந்த அடிகளை விளைவிக்க வல்லவர் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் அடிப்படை நிலைத்தது.

இவையெல்லாம் ரசிகர்களின் பொழுதுபோக்கு வாதம் அல்லவா என்று கேட்கலாம். எண் பிழையாக வழிகாட்டினால் அணியும் தோற்கும். ஆட்டக்காரரின் ஊதியமும் குறையும். இரண்டுக்கும் சான்று உண்டு. 1969 முதல் ‘சேவ்’ என்னும் கணக்கு அதிகாரபூர்வமாக எழுதப்படுகிறது. சிறிய முன்னிலையை இறுதியில் காத்து முடிக்கும் பிட்சருக்கு அது உரியது. நாளடைவில் மேலாளர்கள் தம் மிகச் சிறந்த துணை பிட்சரை அந்த ஒரு தருணத்துக்கென்றே ஒதுக்கி வைக்கத் தொடங்கினர். பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் 2016-இல் 47 முறை சேவ் வாய்ப்புப் பெற்று 47 முறையும் காத்தவர், சராசரி 0.54. அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் டொரன்டோவில், தோற்றால் பருவமே முடியும் என்ற ஆட்டம். 2-2 என்று சமநிலையில் நீண்டது. முன்னிலை கிடைத்தபின் பிரிட்டனை இறக்கலாம் என்று மேலாளர் பக் ஷோவால்ட்டர் காத்திருந்தார். முன்னிலை வரவேயில்லை. பதினோராம் இன்னிங்ஸில் எதிரணியின் ஹோம் ரன்னால் 5-2 என்று ஆட்டம் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்தும் எறியவில்லை.

ஊதியத்தின் கதை 2017-இல் நிகழ்ந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெலின் பெட்டான்செஸ் அதற்கு முந்திய மூன்று பருவங்களிலும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்டோரை ஸ்டிரைக் அவுட் செய்தவர். ஆனால் அவர் பெரும்பாலும் இறுதி இன்னிங்ஸுக்கு முன்னரே எறிந்தவர். அம்மூன்று பருவங்களிலும் சேர்த்து அவர் பெற்ற சேவ் 22 மட்டுமே. அவர் கேட்டது 50 லட்சம் டாலர். நிர்வாகம் தர முன்வந்தது 30 லட்சம். அவர் இறுதியில் காத்து முடிக்கும் பிட்சர் அல்லர் என்பது நிர்வாகத்தின் வாதம். நடுவர் குழு நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அவரை எந்த நேரத்தில் இறக்குவது என்று முடிவு செய்தவர் மேலாளர். அம்முடிவின் விளைவோ ஆட்டக்காரரின் ஊதியத்தில் தெரிந்தது.

இதனால் புதிய எண்கள் யாவும் தெய்வவாக்கு என்று கொள்ளுதலும் தகாது. 2020 அக்டோபர் 27-இல், உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், தாம்பா பே அணியின் பிளேக் ஸ்நெல் 73 பந்துகளே எறிந்து, ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, ஓட்டமே கொடாமல் நின்றார். அணி 1-0 என்று முன்னணியில் இருந்தது. ஒரே மட்டையாளர் மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது பிட்சரின் வலிமை குறையும் என்பது பல்லாயிரம் ஆட்டங்களின் சராசரி கூறும் பாடம். அதனைக் கருதி மேலாளர் கெவின் காஷ் ஸ்நெல்லை வெளியேற்றினார். அந்த இன்னிங்ஸிலேயே லாஸ் ஏஞ்சலிஸ் அணி முன்னேறி, 3-1 என்று வென்று, தொடரையும் கைப்பற்றியது. பல்லாயிரம் ஆட்டங்களின் சராசரி உண்மையே. அன்று அந்த மேட்டில் நின்ற மனிதரின் கைவண்ணமும் உண்மையே. இரண்டையும் ஒருங்கே எடைபோடுவது மேலாளரின் கடமை. இங்கும் ரசிகர்கள் இரு கூறாயினர். இன்றும் அவ்வழக்கு தீர்ந்தபாடில்லை.

ஆகவே ஒருவரைப் பற்றிய எண் ஒன்று நம்முன் வைக்கப்படும்போது மூன்று வினாக்களை எழுப்புவது நலம். இந்த எண்ணில் அவர் செயல் எவ்வளவு, பிறர் செயல் எவ்வளவு? இதனை எழுதியவர் எதை விட்டுவிட்டார்? இவ்வாண்டு கண்டது மறு ஆண்டும் நிலைக்குமா? ஆலையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும், ஊரைவிட்டு வந்து உழைத்து வாழும் நம்மவர் பலரும் ஏதேனும் ஓர் எண்ணால் அளக்கப்படுகிறவர்களே. பிறரை அளக்கும் பொறுப்பும் நம்மில் பலருக்கு வாய்க்கிறது. அளக்கும் இடத்தில் இருக்கும்போது, எட்டு இன்னிங்ஸ் திறம்பட எறிந்தும் தோற்றவராக எழுதப்பட்ட பிட்சரை ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.