மிளகு கொள்முதலும் மழைக் கணக்கும்

மிளகுக் கொடி பூச்சரம் விடுவது கோடைக்குப் பின் வரும் மழையைப் பொறுத்தது. அறுவடையோ டிசம்பருக்கு மேல்தான். ஆகவே முன்பணம் கொடுக்கும் வணிகர் மழைக் கணக்கைப் பார்ப்பது இயல்பு. அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியது. கொல்லிமலையோ 14 நாடுகள் அடங்கிய ஒரே வட்டாரம். மலையின் ஒரு சரிவில் கொட்டும் மழை மறுசரிவில் தூறலோடு நின்றுவிடும். எனவே வட்டார அளவையே குண்டூர் நாட்டுத் தோட்டத்தின் அளவாகக் கொள்ளக் கூடாது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மழைமானி எங்கே இருக்கிறது? மரத்தடியில் இருந்தால் அளவு குறைந்து காட்டும். அளவு எந்த நாளுக்குரியது? வானிலைத் துறை வழக்கப்படி காலை 8.30 மணிக்குப் பதிவாவது அதற்கு முந்தைய 24 மணி நேர மழை. கருவி பழுதான நாளில் 'பதிவு இல்லை' என்று இருக்கிறதா, பூஜ்யம் போட்டிருக்கிறதா? பூஜ்யம் என்றால் பெய்த மழையும் கணக்கில் வராது. விளைச்சல் குறையும் என்று பயந்து கூடுதல் விலைக்குப் பேசிவிடுவோம்.

மழை நன்றாகப் பெய்தும் வாடல் நோயால் கொடி காயலாம். அதை மழைமானி சொல்லாது. இரண்டு மூன்று நாடுகளின் விவசாயிகளிடம் கொடியின் நிலையை விசாரித்து, பழைய சரக்கின் வரத்தையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.